ஆண்டவரிடம் நான் கேட்ட ஒரு நாள்

இயேசுவுக்குள் அன்பான உறவுகளே, நான் சாட்சி சொல்லிப் பழகியவள் அல்ல. தமிழ்ப் பூசை முடிந்ததும் தேநீருக்குக்கூட நிற்காமல் பேருந்துக்கு ஓடுகிறவள் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கடந்த வருடத் தவக்காலத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது நன்றிகெட்டதனம். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. தாதியர் பயிற்சியில் மூன்றாம் வருடம். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். பதினொரு வருடம் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு, ஜெர்மன் மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்து எழும்பித்தான் அந்த வகுப்புக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். அந்த இடத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டாம் வருடத்தில் எனக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை நடந்தது. காயம் சீழ் பிடித்து, மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுத்தேன். பயிற்சியில் இத்தனை மணித்தியாலம்தான் வராமல் இருக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. நோயோ, வேறு நியாயமான காரணமோ, எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். தாண்டினால் இறுதிப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பாடசாலைப் பொறுப்பாளர் அம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வகுப்பில் உங்களுக்கு இன்னும் இருபத்தாறு மணித்தியாலம்தான் மிச்சம். இனித் தடிமன், காய்ச்சல் வருவதென்றாலும் விடுமுறையில் வரச் சொல்லுங்கள்" என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருடம் எழுதாவிட்டால் பயிற்சியை நீட்ட வேண்டும். நீட்டுவதற்கு எனக்கு வேலைப் பயிற்சி தரும் முதியோர் பராமரிப்பு இல்லம் சம்மதிக்க வேண்டும். அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த அந்த மணித்தியாலங்களைத் தாண்டினால் எனக்குப் பரீட்சையும் இல்லை, இடமும் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு மஞ்சள் உறை வந்தது. அதை முதலில் கண்டது நான் அல்ல, என் கணவர்.

இங்கே நெடுங்காலம் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு மஞ்சள் உறை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதங்கள் அதில்தான் வந்தன. என் கணவருக்கு அப்படி இரண்டு வந்தன. ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் அந்த நிறத்தைக் கண்டால் அவருக்குக் கை குளிர்ந்துவிடும். அந்த நாட்களில் அவர்கள் இருந்த முகாமில் கத்தோலிக்கப் பொடியன்மார் ஒரு வழக்கம் வைத்திருந்தார்களாம். மஞ்சள் கடிதம் வந்தால் உடனே பிரிப்பதில்லை. மாதாவின் காலடியில் வைத்து ஒன்பது நாள் நவநாள் செபம். ஒன்பதாம் நாள் பிரிப்பார்கள். அவருக்கு மூன்றாவதாக வந்த கடிதத்தை அப்படிச் செபித்துப் பிரித்தபோதுதான் வதிவிட அனுமதி இருந்தது. அதன் பிறகு அந்த வழக்கத்தை அவரிடமிருந்து பிடுங்க யாராலும் முடியவில்லை.

என் பெயருக்கு வந்த கடிதத்தையும் அவர் அப்படியே எங்கள் மடு மாதா சுரூபத்தின் கீழ், பூவேலைத் துணிக்கு அடியில் வைத்துவிட்டார். எனக்கு அந்தக் கிழமை காலை ஆறு மணிக்கு வேலைப் பயிற்சி. பாவம், ஏன் இவளைப் பயப்படுத்துவான் என்று நினைத்தாராம். ஒவ்வொரு மாலையும் செபமாலை முடிய, "ஒரு விசேஷ கருத்துக்காக" என்று சொல்லி ஒரு அருள்நிறைந்த மரியே கூட்டினார். என்ன கருத்து என்று தெரியாமல் நானும் பிள்ளைகளும் பக்தியாகச் சொன்னோம்.

ஒன்பதாம் நாள் கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"இஞ்சேர் ஜெனி, மாதாவிட்டை ஒப்புக்குடுத்திட்டன். இனி ஒண்டுக்கும் பயப்பிடாதையும்."

பிரித்தேன். நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தது. நகரசபைப் பட்டியலிலிருந்து என்னை ஷொஃப்பினாகத் தெரிவு செய்திருக்கிறார்கள். அதாவது சட்டம் படிக்காத சாதாரண ஆள், குற்ற வழக்கில் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குச் சமமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சம்பளவேலை அல்ல, குடிமக்கள் கடமை. முதல் வழக்கு மாசி மாதம், நான்கு நாட்கள். பொறுப்பை ஏற்க முடியாத காரணம் இருந்தால் கடிதம் கிடைத்து ஒரு கிழமைக்குள், ஏழு நாளுக்குள், எழுதி அறிவிக்க வேண்டும்.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். கொண்டுவந்து போட்ட திகதியைத் தபால்காரர் பேனையால் அதிலேயே எழுதி வைத்திருந்தார். இன்றுதான் கிடைத்தது என்று ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல வழியில்லை.

"ஒரு கிழமைக்குள்ளை எண்டு போட்டிருக்கப்பா! நீங்கள் ஒன்பது நாள் வைச்சுச் செபிச்சிருக்கிறீங்கள்!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நல்லதுக்குத்தானே செய்தனான்."

"பிரிச்சுப் பாத்திட்டுச் செபிச்சிருந்தா மாதா கோவிச்சுக்கொள்ளுவாவோ?"

அவர் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். நான் அவரோடு நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாதாவோடு அதைவிடக் கூட நாள் பேசவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். இப்போது எங்கள் வீட்டில் எந்தக் கடிதமும் முதலில் சாப்பாட்டு மேசையில் பிரிக்கப்பட்டு, கடைசித் திகதி நாட்காட்டியில் குறிக்கப்பட்டு, அதன் பிறகுதான் மாதாவிடம் போகும்.

நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். வழக்கு நடக்கும் நான்கு நாளும் வகுப்பு நாட்கள். ஒரு நாள் வராவிட்டால் எட்டு மணித்தியாலம் போகும். மூன்று நாள் தாங்கும். நான்காவது நாள் தாங்காது.

நீதிமன்றத்துக்கு எழுதினேன். மறுப்புச் சொல்லும் காலம் கடந்துவிட்டது, வேலையோ படிப்போ அந்த நாட்களில் வராமல் இருக்கப் போதிய காரணம் அல்ல என்று நான்கு வரியில் பதில் வந்தது. போகாமல் விட்டால் தண்டம். பாடசாலைப் பொறுப்பாளரிடம் போனேன். அவர் கல்நெஞ்சக்காரி அல்ல. ஆனால் சட்டத்தை வளைக்கத் தெரியாதவர்.

"கடமைக்குப் போனாலும் வராத மணித்தியாலம் வராத மணித்தியாலம்தான். தாண்டிய பிறகு விசேஷ இடர் என்று அதிகாரசபைக்கு விண்ணப்பிக்கலாம். அதை நம்பி இருக்க வேண்டாம் என்பதுதான் என் புத்திமதி" என்றார்.

உறவுகளே, அந்த இரண்டு மாதமும் நான் பட்டதை எப்படிச் சொல்ல? யாருடைய காலில் விழுந்தாலும் தூக்கிவிட ஒரு கை வேண்டுமே, அந்தக் கையே இல்லை. நீதிமன்றம் சரியாகத்தான் சொன்னது. பாடசாலையும் சரியாகத்தான் சொன்னது. என் கணவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கோபிக்கவும் ஆள் இல்லாமல் போய்விட்டது. முதியவர்களுக்கு முதுகு துடைக்கும்போது கண்ணீர் வரும். குனிந்து துடைத்துக்கொள்வேன்.

தவக்காலம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போய் நான் ஒரே ஒரு செபம்தான் சொன்னேன். "ஆண்டவரே, வழக்கை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாளைக் குறைத்துவிடும். நான்கை மூன்றாக்கிவிடும். ஒரே ஒரு நாள்." பதினான்கு தலத்திலும் அதையே சொன்னேன். அவர் சிலுவை சுமந்து விழுகிறார், நான் என் ஒரு நாளைக் கேட்கிறேன். வெட்கம் கெட்டவள் என்று எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

வழக்கு தொடங்கியது. யார், எந்த ஊர் என்பதை நான் எழுத மாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவர் அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர். இரண்டு குற்றச்சாட்டுகள். பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளி விழுத்திக் காயப்படுத்தினார் என்பது ஒன்று. பிறகு ஒருநாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருடைய கொட்டிலுக்குத் தீ வைத்தார் என்பது மற்றது. தள்ளியதை ஒத்துக்கொண்டார். தீயை நான் வைக்கவில்லை என்றார். நடுவில் நீதிபதி அம்மா, ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி ஒருவர். இரண்டு நாள் சாட்சிகள் வந்து போனார்கள். பதினாறு மணித்தியாலம் போனது.

மூன்றாம் நாள் காலை அந்த மனிதர் ஆளே மாறிப்போய் வந்தார். நீதிபதி கேட்டதற்கெல்லாம் ஆமென்று தலையாட்டி "ஓம்" என்றார். கொட்டிலுக்குப் போனீர்களா? ஓம். கோபத்தில் போனீர்களா? ஓம். தீ வைத்தீர்களா? ஓம். அவருடைய சட்டத்தரணி திகைத்துப்போய் அவருடைய காதில் ஏதோ சொன்னார். அதற்கும் ஓம். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டால் மிச்சச் சாட்சிகள் தேவையில்லை. நான்காம் நாளே தேவையில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. எண்ணி ஒரு நாள். மேசைக்குக் கீழே கையைக் கூப்பி "தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லி முடித்து அந்த மனிதரைப் பார்த்தேன்.

மாசி மாதக் குளிர். மண்டபம் சூடாகவும் இல்லை. அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மேசையில் வைத்த விரல்கள் தந்தியடித்தன. நீதிபதி, "எந்தப் பக்கத்தால் கொட்டிலுக்குள் போனீர்கள்?" என்று கேட்டார். அதற்கும் அவர் "ஓம்" என்றார்.

களைத்துவிட்டார், குற்ற உணர்ச்சி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் மூன்று வருடமாக அந்த முகத்தை வேலையிடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீனி இறங்கிய முகம். நீரிழிவுக்காரர் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அப்படித்தான் வரும். அந்த நேரம் அவர்களிடம் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். பெயரை மாற்றிச் சொன்னாலும் ஓம் என்பார்கள்.

இப்போது நான் சொல்லப் போவதை எங்கள் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். நான் உடனே வாய் திறக்கவில்லை. சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். நான் நீதிபதிக்குப் பக்கத்தில் இருக்க வந்தவள், தாதி வேலைக்கு வரவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். அவருடைய சட்டத்தரணி பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். நானோ இன்னும் படிக்கிறவள், பிழையாக இருந்தால் எல்லார் முன்னும் வெட்கம் என்றேன். மணிக்கூட்டின் முள் மூன்று நிமிடம் நகர்ந்தது. நீதிபதி அந்த ஒப்புதலை எழுதுநருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டவர்தான் எனக்கு இதைத் தருகிறார் என்று நினைக்க நான் மிகவும் பாடுபட்டேன். முடியவில்லை.

கையை உயர்த்தினேன். "மன்னியுங்கள், இவருக்குச் சீனி இறங்கியிருக்கிறது. இப்போது எதுவும் கேட்க வேண்டாம். இனிப்பாகக் குடிக்க ஏதாவது உடனே கொடுங்கள்" என்றேன். என் ஜெர்மன் தடுமாறியது. யாரும் சிரிக்கவில்லை.

காவலர் அப்பிள் சாறு கொண்டு ஓடிவந்தார். அம்புலன்ஸ் வந்தது. விரலில் குத்திப் பார்த்த ஆள் இலக்கத்தைக் கண்டு விசில் அடித்தார். பயத்தில் மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். காலையில் வழமைபோல ஊசி மட்டும் போட்டிருக்கிறார். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் மயங்கி விழுந்திருப்பார் என்றார்கள். நீதிபதி அன்றைய விசாரணையை நிறுத்தினார். சொன்ன ஒப்புதல் செல்லாது, நான்காம் நாள் கட்டாயம் நடக்கும் என்றார்.

நான் நீதிமன்றக் கழிவறைக்குள் போய் அழுதேன். அந்த மனிதருக்காக அழுதேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் எனக்காகத்தான் அழுதேன். தந்ததை என் கையாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேனே என்று அழுதேன்.

நான்காம் நாள் அவர் காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து வந்தார். மூன்றாம் நாள் சொன்னது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. தீ வைக்கவில்லை என்று முழு வசனமாகச் சொன்னார். மிச்சச் சாட்சிகள் வந்தார்கள். பின்னேரம் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. தள்ளிக் காயப்படுத்தியதற்குத் தண்டனை. தீ வைத்த குற்றத்திலிருந்து விடுதலை. உள்ளே நாங்கள் மூன்று பேரும் என்ன கதைத்தோம் என்பதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் கணவர் மூன்று தடவை கேட்டுப் பார்த்தார், அவருக்கும் சொல்லவில்லை.

என் கணக்கு ஆறு மணித்தியாலம் தாண்டிவிட்டது. வகுப்புக்கு வராத மணித்தியாலங்களைப் பதியப் பாடசாலைக்குப் போனபோது பொறுப்பாளர் அம்மா கணினியில் அவற்றைச் சேர்த்துக் கூட்டினார். "விண்ணப்பத்தை எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார். எழுதினேன். சத்திரசிகிச்சைக் கடிதங்கள், நீதிமன்றத்துக்கு வந்து போன நாட்களுக்கான கடிதம், எல்லாவற்றையும் இணைத்தேன். நீதிமன்றக் கடிதம் ஒட்டிய உறையில் இருந்தது. என்ன எழுதியிருக்கும், நாளும் நேரமும்தானே என்று பிரிக்காமலே பொறுப்பாளர் கையில் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு ஐந்து கிழமை. பதில் இல்லை. தொலைபேசி எடுத்தால், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். வகுப்பில் பிள்ளைகள் பரீட்சைக்கு வினா பிரித்துப் படித்தார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எழுத விடுவார்களா என்றே தெரியாத பரீட்சைக்கு நான் நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். கணவர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"ஜெனி, அண்டைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் எண்டு நினைக்கிறீரோ?"

"ஓம், சில நேரம் நினைக்கிறன்" என்றேன். "ஆனா திருப்பிப் போய் அந்த இடத்திலை இருக்க விட்டாலும் பேசாமல் இருக்க எனக்கு ஏலாது."

அவர் என் தலையைத் தடவினார். அன்று இரவு செபிக்க முழங்காலில் நின்றேன். முதல் முறையாக நான் ஆண்டவரிடம் எண்ணிக்கை ஒன்றும் சொல்லவில்லை. "நீர் அன்று என்னைப் பேச வைத்தீர். இனி உம்முடைய பாடு" என்று மட்டும் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் நேர்மையான செபம் என்று இப்போது நினைக்கிறேன்.

பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முதல் நாள். பராமரிப்பு இல்லத்தில் ஒரு அம்மாவுக்குக் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினார். மறுமுனையில் பாடசாலைப் பொறுப்பாளர்.

"அனுமதித்துவிட்டார்கள். நீங்கள் எழுதலாம்."

அவரே தொடர்ந்தார். "அந்த நீதிபதி இப்படி எழுதுவார் என்று எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் வாசித்துக் காட்டினார். நாளும் நேரமும் எழுதிய பிறகு நீதிபதி இரண்டு வசனம் கூட்டியிருந்தார். நான்காம் நாள் தேவைப்பட்டது இந்தப் பெண் ஒரு நோயாளியைச் சரியான நேரத்தில் கண்டுகொண்டதனால். இவர் தன் தொழிலை ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டார் என்பதற்கு இந்த நீதிமன்றம் சாட்சி.

அப்படி எழுதச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை, உறவுகளே. நான் கேட்டது ஒரு நாளைக் குறைக்கச் சொல்லி. ஆண்டவர் அந்த நாளைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் செய்யாத குற்றத்துக்கு ஒருவர் சிறைக்குப் போயிருப்பார், நான் அந்தத் தீர்ப்பில் என் பெயரை வைத்துவிட்டுப் பரீட்சை எழுதப் போயிருப்பேன். நான் வேண்டாம் என்று அழுத அந்த நான்காம் நாளிலிருந்துதான் எனக்கு உதவி வந்தது. அந்த அம்மாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன பிள்ளை, யாரும் செத்துவிட்டார்களா?" என்று அவர் கேட்டார். "இல்லை, நான் பிழைத்துவிட்டேன்" என்றேன்.

ஆடி மாதம் பரீட்சை எழுதினேன். சித்தியடைந்தேன். இலையுதிர் காலத்தில் தாதிக்கான அரசாங்க அனுமதிப் பத்திரம் கையில் கிடைத்தது. தொழில் மாறியதைப் பதிய நீதிமன்றத்துக்கு அதைக் கொண்டுபோனபோது அங்கிருந்த எழுதுநர் ஒரு விஷயம் சொன்னார். பயிற்சி முடித்த தாதியர்கள் இந்த நீதிமன்றப் பொறுப்பை மறுக்கலாமாம், சட்டத்திலேயே இருக்கிறதாம். நான் எழுதிக் கொடுத்தால் உடனே விடுவித்துவிடுவார்களாம்.

கணவர் அன்றே கணினியில் தட்டச்சு செய்து வைத்துவிட்டார். இந்த முறை பிந்த விடக்கூடாது என்று அவருக்கு அவசரம். "கையெழுத்தை வையும், இப்பவே கொண்டுபோய்ப் போடுறன்" என்றார். அவருடைய அன்பு எனக்கு விளங்கியது. அந்தத் தாளை வாங்கி வாசித்துப் பார்த்தேன். பேனையையும் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நான் வாய் திறக்காமல் இருந்த அந்த மூன்று நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னும் அந்தப் பொறுப்பில் இருக்கிறேன். உங்களில் யாராவது இப்போது கை கால் கட்டிப்போட்டதுபோல் இருந்தால், ஆண்டவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், நானும் வெட்கமில்லாமல்தான் கேட்டேன். எப்படி உதவ வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் எனக்கு மீண்டும் ஒரு வழக்கு இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் கதிரையில் வந்து உட்காரப்போகிறவர் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. இன்று இரவு செபமாலை சொல்லும்போது எனக்காக வேண்டாம், அவருக்காக ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கள்.